கிழவிப் பள்ளத்து எதிரொலி

“இதைவிட மெதுவா உதைக்கிறது ஏதாவது இருக்கா?” என்று கேட்டார் ருவரி மக்கஸ்கில். கேட்டுவிட்டு, கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். மருந்துக் கடையில் மூலத்துக்குக் களிம்பு கேட்பவர்களின் குரல் அது.

துப்பாக்கிக் கடை கில்பர்ட் தன் மூக்குக் கண்ணாடியை நுனி வரைக்கும் இறக்கினார்.

“யாருக்கு?”

“தெரிஞ்சவர் ஒருத்தருக்கு.”

“தெரிஞ்சவர் இப்ப எதுல சுடறார்?”

“270 ரக ரைபிள்ல.”

“270 உதைக்குதாமா? எங்க மாமியார் சாகற வரைக்கும் அதுலதான் சுட்டாங்க.”

“அவருக்குத் தோள் கொஞ்சம் சரியில்லை.”

“அப்படியா. உங்க வலது புருவத்துல அதென்ன, பிறை மாதிரி காயம்?”

“கதவு இடிச்சுது.”

அந்தக் கதவு பெல்ஜியத்திலிருந்து வந்திருந்தது. செப்டம்பரில் கலைமான் வேட்டைக்கு வந்த ஒரு விருந்தாளி, யானையை வீழ்த்தும் ரகத்தில் ஒரு ரைபிளைக் கூடவே கொண்டுவந்திருந்தார். தோட்டா ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். மலைக்கு ஏறும் முன் விருந்தாளி பங்களாவுக்குப் பின்னால் நிற்கும் இரும்பு மானைச் சுட்டுக் காட்ட வேண்டும். குறி சரியா என்று தலைமை வேட்டைக்காரர் பார்க்க வேண்டும். அது எஸ்டேட்டின் வழக்கம். ருவரிதான் அங்கே தலைமை வேட்டைக்காரர். பெல்ஜியக்காரர் சுட்டுவிட்டு, “நீங்களும் ஒண்ணு சுட்டுப் பாருங்களேன்” என்றார். மரியாதைக்கு மறுக்கவில்லை. உதைத்த உதையில் துப்பாக்கியின் குறிக்கண்ணாடி புருவத்தில் வந்து மோதியது. அடுத்து ருவரிக்கு நினைவில் இருப்பது வானம். வானத்தின் நடுவில் பெல்ஜியக்காரரின் முகம், பிராந்திக் குப்பி. இரும்பு மானின் தலையை ஓடையில் இறங்கித் தேடி எடுத்தார்கள்.

அன்று முதல் ருவரியின் விரல் எந்தத் துப்பாக்கியின் விசையைத் தொட்டாலும் கண் தானாக மூடிக்கொண்டது. தோள் துள்ளிக் காதைத் தொட்டது. தோட்டா அதன் இஷ்டப்படி போயிற்று.

கலைமான் பருவம் முடியும் வரை தொல்லையில்லை. சுடுவது விருந்தாளிகள், ருவரி வழிகாட்டினால் போதும். ஆனால் அக்டோபர் கடைசியில் விருந்தாளிகள் ஊர் திரும்பிவிட, பெண் மான்களின் பருவம் தொடங்கிவிடும். மலை தாங்குகிற அளவுக்கு மந்தையைக் குறைப்பது தலைமை வேட்டைக்காரரின் சொந்தக் கை வேலை. சம்பளம் அதற்குத்தான். ஓடை ஓரத்து வீடும் அதற்குத்தான்.

“ஒண்ணு செய்யுங்க,” என்றார் கில்பர்ட். “உங்க தெரிஞ்சவர் உங்க மாமனாரோட அந்தப் பழைய ஸ்வீடன் ஆறரையை வாங்கிச் சுடட்டுமே. ஆறரை மில்லிமீட்டர். தலையணையால தட்டற மாதிரிதான் இருக்கும். கோழி மிரளக் கூடாதுன்னு முனையில சத்தம் அடக்கற குழாய்கூட நான்தான் மாட்டிக் குடுத்தேன்.”

“அது எஃபியோடது. அவ பேர்லதான் லைசன்ஸ். கோழிக்கூட்டுக்கு வர்ற நரிக்கு வச்சிருக்கா. போய்க் கேட்டா, ஏன்னு கேப்பா.”

“சொல்லுங்க.”

“அவங்க அப்பா பக்கத்து எஸ்டேட்டுல தலைமை வேட்டைக்காரரா இருந்தவர். அவர் பொண்ணுகிட்டப் போய், எனக்குத் துப்பாக்கின்னா பயம்னு… தெரிஞ்சவருக்குப் பயம்னு எப்படிச் சொல்றது?”

கில்பர்ட் கடைக்கு உள்ளே போய் ஒரு 308ஐத் தூக்க முடியாமல் தூக்கிவந்தார். குழல் தண்ணீர்க் குழாய் போல் இருந்தது. “எடை கூடினா உதை குறையும். இது அசையவே அசையாது.”

அவர் சொன்னது உண்மை. அது அசையவே இல்லை. பருவத்தின் முதல் நாள் அதை மலை உச்சிக்குக் கொண்டுபோவதற்குள் ருவரியின் முதுகு மூன்றாக மடிந்துவிட்டது. கீழே மட்டக் குதிரை பெக்கியுடன் காத்திருந்த உதவியாள் ஜான்-ஆங்கஸுக்குக் காலையிலிருந்து மதியம் வரை துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ருவரி வெறுங்கையோடு இறங்கிவந்தார்.

“எங்க தலைவரே, மான்?”

“இன்னிக்குச் சும்மா பயமுறுத்தி விட்டிருக்கேன்.”

“எதுக்கு?”

“பயந்தாத்தான் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தாத்தான் எண்ண முடியும்.”

ஜான்-ஆங்கஸ் தலையாட்டினான். ஆனால் அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது எதுவும் சனிக்கிழமை சாராயக் கடையில் பேசப்படாமல் இருந்ததில்லை. திங்கட்கிழமை எஸ்டேட் முதலாளி கர்னல் ஸ்ட்ரௌன் பாலத்தருகே ஜீப்பை நிறுத்தினார். வாழ்நாளெல்லாம் காதை மூடாமல் சுட்டுச் சுட்டு அவருக்கு ஒரு காது முழுதாகவும் மறு காது பாதியாகவும் போயிருந்தது. தனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் அவர் எல்லோரிடமும் பேசுவார்.

“மக்கஸ்கில்! கறிக் கொட்டகையில கொக்கியெல்லாம் காலியா தொங்குதே!”

“பனி விழட்டும், கர்னல். மானெல்லாம் தானா கீழ இறங்கும்.”

“தெற்கேருந்து ஒரு கம்பெனிக்காரன் கடுதாசி போட்டிருக்கான். ஹெலிகாப்டர்ல ஆளை இறக்கி ஒரே வாரத்துல முடிச்சுத் தர்றானாம். அவன் ஆளுங்க தங்கறதுக்கு ஒரு வீடு மட்டும் வேணுமாம்.”

“எந்த வீடு, கர்னல்?”

“ஓடை ஓரத்துல கோழிக்கூடு வச்ச வீடு ஒண்ணு இருக்கே. கிறிஸ்துமஸுக்குள்ள கொக்கி நிறையலேன்னா அது காலியாத்தானே இருக்கும்!”

ருவரி வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினார். தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. எஃபி கதவருகே நின்று பார்த்தாள்.

“அதென்ன?”

“விழுந்துட்டேன்.”

“தோள்ல மட்டுமா விழுந்தே?”

“சரிவு அந்த மாதிரி.”

எஃபி வேறொன்றும் கேட்கவில்லை. கர்னல் பேசியது ஓடைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டிருக்குமே, அவள் அதைப் பற்றி விசாரிக்கவே இல்லையே என்பது ருவரிக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் 308 கடைக்குத் திரும்பிப் போயிற்று. பதிலுக்கு 243 வந்தது.

“இதுக்குக் கீழே போனா சட்டப்படி இந்தச் சாதி மானைச் சுட முடியாது,” என்றார் கில்பர்ட். “அதுக்கும் கீழே வேணும்னா உங்க தெரிஞ்சவருக்குத் தண்ணித் துப்பாக்கிதான்.”

லைசன்ஸில் ரகம் மாற்ற வந்த கான்ஸ்டபிள் காரணம் கேட்டார். ருவரி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். “மான் தோல் வர வர மெலிஞ்சுக்கிட்டு வருது” என்றார். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். ருவரி மக்கஸ்கில் மானைப் பற்றி ஒன்று சொன்னால் அந்தப் பள்ளத்தாக்கில் மறுபேச்சு கிடையாது. வார முடிவில் சாராயக் கடையில் ஆளுக்கு ஆள், தோல் மெலிந்துதான் போயிற்று, நாங்களும் கவனித்தோம் என்றார்கள்.

முதல் பனி விழுந்த அன்று மான்கள் கிழவிப் பள்ளத்தில் நின்றன. வேறு எங்காவது நின்று தொலைத்திருக்கக் கூடாதா என்று ருவரி நினைத்தார். அந்தப் பள்ளம் மலைக்கிழவிக்குச் சொந்தம். பெண் மான்கள் அவளுடைய மாடுகள். அவள் பாறைமேல் குந்தி அவற்றைப் பால் கறப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. பார்த்தவர்கள் எல்லோரும் இறந்துபோனதால் மேற்கொண்டு விசாரிக்க வழியில்லை. வேட்டைக்காரன் ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போனால் அவளே அவனுக்கு மான் தருவாளாம். பருவம் முடிந்ததும் விலையாக அவனையே கூட்டிக்கொண்டு போவாளாம்.

ருவரி பனியில் வயிற்றால் நகர்ந்து ஒரு பாறைக்குப் பின்னால் படுத்தார். 243ஐத் தோளில் வைத்தார். கர்னலை நினைத்தார், வீட்டை நினைத்தார், பெல்ஜியக்காரரை நினைக்கக் கூடாது என்று நினைத்தார். அப்படி நினைத்ததே போதுமாயிருந்தது. கண் மூடிக்கொண்டது. தோள் துள்ளியது.

‘டமார்!’

அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சத்தம், கம்பளிக்குள் யாரோ இருமியதுபோல. எதிரொலி.

கண்ணைத் திறந்தார். மான் விழுந்து கிடந்தது.

ருவரி சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதற்கு ஒரு முத்தம் கொடுத்தார். குழல் குளிர்ந்து கிடந்ததால் உதடு ஒட்டிக்கொண்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பின் போன நாளெல்லாம் மான் விழுந்தது. கண்ணை மூடினால் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் விழுந்தது. கொக்கிகள் நிறைந்தன. பள்ளத்தாக்கில் ஆளாளுக்கு 243 வேண்டும் என்று லைசன்ஸுக்கு எழுதிப்போட்டார்கள். கில்பர்ட் கடையில் வரிசை நின்றது.

ஜான்-ஆங்கஸ்தான் கெடுத்தான்.

“தலைவரே, ஒண்ணு கேக்கட்டுமா?” என்றான் ஒரு நாள், மானைப் பெக்கியின் முதுகில் கட்டிக்கொண்டே. “நீங்க கீழேயிருந்துதானே சுட்டீங்க?”

“ஆமா.”

“தோட்டா மேலேயிருந்து இல்ல இறங்கியிருக்கு?”

ருவரி குனிந்து பார்த்தார். விலாவில் உயரத்தில் நுழைந்து மறுபக்கம் அடியில் வெளியே வந்திருந்தது.

“243 அப்படித்தான்,” என்றார். “ஏறிப் போய்த்தான் இறங்கும்.”

“அதான் தலைவரே, எதிரொலியும் சீக்கிரம் வருது. நீங்க சுடறதும் அது பதில் சொல்றதும் ஒண்ணாவே கேக்குது.”

“சின்னத் தோட்டா. சட்டுனு போய்ச் சட்டுனு திரும்புது.”

“நீங்க சொன்னா சரிதான்,” என்றான் ஜான்-ஆங்கஸ். பெக்கி மட்டும் ருவரியை ஒரு மாதிரி பார்த்தது.

அடுத்த முறை சுட்டவுடன் மானைப் பார்க்காமல் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார் ருவரி. மேலே, பனி மூட்டத்துக்குள், இரண்டு பாறைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு குவியல் இருந்தது. கூன் முதுகு. கையில் நீளமாக ஒரு கழி. அது மெல்ல எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாறைக்குப் பின்னால் போயிற்று.

வெகு நேரம் கழித்து, பார்க்காமல் போனால் பயம் இன்னும் கூடும் என்று ருவரி மேலே ஏறிப் பார்த்தார். பனியில் யாரோ படுத்திருந்த அச்சு. அதன் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன இறகு. கிழவி பறவையாக மாறிப் பறந்துவிட்டாள் என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? மலையிலிருந்து அவர் நடந்து இறங்கினார் என்று சொல்ல முடியாது. சரிவு அவரை இறக்கிவிட்டது.

வீட்டில் அடுப்பு அப்போதுதான் புகைய ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். எப்போதும் கொதிக்கக் கொதிக்க இருக்கும் ஆட்டுக்கறி சூப் இப்போதெல்லாம் பச்சைத் தண்ணீராக இருந்தது. எஃபி தன் பூட்ஸை அடுப்போரம் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் எஃபி, பூட்ஸ் நனைஞ்சிருக்கு?”

“கோழி முற்றமெல்லாம் சேறு. உன் மூஞ்சி ஏன் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு?”

“எஃபி, நான் கிழவியைப் பாத்துட்டேன்.”

“எந்தக் கிழவி?”

“மலைக்கிழவி. எனக்குப் பின்னாலயே வர்றா.”

எஃபி பூட்ஸைக் கீழே வைத்தாள். “எப்படி இருந்தா?”

“பயங்கரம்.”

“பயங்கரம்னா?”

“கூன் முதுகு. சாக்கு மூட்டை நடந்து வர்ற மாதிரி. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வாத்து மாதிரி நடக்கறா.”

“வயசு என்ன இருக்கும்?”

“ஆயிரத்துக்குக் குறையாது.”

எஃபி சூப் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். வைத்ததில் பாதி சூப் ருவரியின் மடிக்கு வந்தது. ஆறிப்போயிருந்ததால் பிழைத்தார்.

“ஆயிரமா? உன் கண்ணைப் போய் டாக்டர்கிட்டக் காட்டு. அந்தப் பொம்பளை உனக்கு என்ன கெடுதல் செஞ்சா? பின்னால வர்றா, மான் கிடைக்குது. நல்லதுதானே செய்யறா?”

“அதுதான் பயமா இருக்கு. குளிர்லயும் பனியிலயும் சும்மா யார் செய்வா எஃபி? பெருசா ஏதோ கேக்கப் போறா.”

“ஆமா,” என்றாள் எஃபி. “சும்மா யார் செய்வா.”

ஞாயிற்றுக்கிழமை வரை அவள் பேசவில்லை. தனக்கு வந்திருக்கும் ஆபத்து அவளுக்கும் புரிந்துவிட்டது என்று ருவரி நினைத்துக்கொண்டார்.

மலைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தார். காய்ச்சல் என்றார், எஃபி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். கிழவிக்கு என்று பாறைமேல் ஒரு கிண்ணம் பாலும் ஓட்ஸ் ரொட்டியும் வைத்துப் பார்த்தார். திரும்பி வருகையில் இரண்டும் காலி. கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ருவரி பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் கர்னலே வந்துவிட்டார்.

“மக்கஸ்கில்! ஊரெல்லாம் உன் 243 பேச்சுதான். நாளைக்கு நானே கூட வர்றேன். என் கண்ணால பாக்கணும்.”

“மூட்டமா இருக்கும், கர்னல்.”

“எங்க மான் நல்லாக் கிடைக்குதாம்?”

“கிழவிப் பள்ளத்துல மட்டும் வேண்டாம், கர்னல்…”

“அங்கயே போவோம்!”

மறுநாள் இருவரும் பனியில் பக்கம் பக்கமாகப் படுத்தார்கள். கர்னல் தொலைநோக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு மூச்சைப் பிடித்தார். எதிர்ச் சரிவில் ஒரு பெண் மான் பக்கவாட்டில் திரும்பி நின்றது. ருவரிக்கு முன்னால் மான், பக்கத்தில் முதலாளி, பின்னால் கிழவி. எதற்குப் பயப்படுவது என்று முடிவு செய்ய முடியாமல் மூன்றுக்கும் சேர்த்துப் பயந்தார். விரல் விசையைத் தொட்டது. கண் மூடியது. தோள் துள்ளியது.

‘டப்’ என்று கம்பளிக்குள் ஓர் இருமல்.

மான் சாய்ந்தது.

“பிரமாதம்!” என்று கர்னல் முதுகில் ஓங்கித் தட்டினார். “சுட்டதே தெரியலையே! சத்தமே இல்ல! உதையும் இல்ல, நீ இம்மிகூடப் பின்னால நகரலை! துப்பாக்கின்னா இது துப்பாக்கி! எஸ்டேட் முழுக்க 243தான் இனிமே. ஹெலிகாப்டர்காரனுக்கு இன்னிக்கே பதில் எழுதறேன். அந்த வீடு உனக்குத்தான், நீ சாகற வரைக்கும்!”

‘நீ சாகற வரைக்கும்’ என்பது ருவரியின் காதில் நல்ல செய்தியாக விழவில்லை.

அவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். விசை நகராமல் தடுக்கும் பூட்டுக் கொக்கி இன்னும் போட்டபடியே இருந்தது. குழலின் வாயை முகர்ந்தார். எண்ணெய் வாசனை மட்டுந்தான். உள்ளே தோட்டா வைத்த இடத்தில் வைத்தபடி பளபளத்தது.

எதிரொலி வந்துவிட்டது. ஆனால் அவர் இன்னும் சுடவே இல்லை.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே ருவரி வாசலில் நின்றார். கண்ணுக்குக் கீழே இரண்டு கரும்பைகள் தொங்கின. 243ஐ மேஜைமேல் வைத்து, அதைத் தொட்ட கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

“இதை நீங்களே எடுத்துக்குங்க. வேட்டையை விட்டுடறேன். இங்கிருந்து நேரா கர்னல்கிட்டத்தான் போறேன். வீட்டை அவர் யாருக்கு வேணும்னாலும் குடுக்கட்டும்.”

“என்னய்யா ஆச்சு? இந்த ரகம்கூட உதைக்குதா?”

“உதைக்கல.”

“குறி தப்புதா?”

“தப்பல. அதான் தொல்லையே.” ருவரியின் குரல் இறங்கியது. “கில்பர்ட், நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. தெரிஞ்சவரெல்லாம் யாரும் இல்ல, நான்தான் அது. பயத்துல கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுடறேன். நேத்து சுடவே இல்ல. தோட்டா உள்ளேயே இருக்கு, மான் விழுந்துடுச்சு. எனக்குப் பின்னால மலையில யாரோ இருக்காங்க. பருவம் முடிஞ்சதும் என்னைக் கூட்டிக்கிட்டுப் போகப் போறாங்க. அதுக்குள்ள எஃபியை அவ தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விட்டுடணும். பாவம், அவளுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது.”

கில்பர்ட் 243ஐ எடுத்தார், திறந்தார், தோட்டாவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், மேஜைமேல் நிற்கவைத்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர்போல் பின்பக்க அலமாரியை எட்டிப் பார்த்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி மெல்ல நுனிக்கு இறங்கியது.

“எஃபின்னதும்தான் ஞாபகம் வருது,” என்றார். “அவங்க கேட்ட ஆறரைத் தோட்டா வந்தாச்சு, சட்டப்படி அவங்க கையிலதான் குடுக்கணும், வந்து வாங்கிக்கச் சொல்லுங்க, ஆமா, பனி விழுந்ததுலேருந்து பெட்டி பெட்டியா வாங்கிட்டுப் போறாங்களே, உங்க கோழிக்கூட்டுக்கு அவ்வளவு நரியா வருது?”